வாங்கும் முன் ஒரு வார்த்தை: பழைய ஜீப்புக்கு எந்த ஏர் ஃபில்டர்?

கேள்வி: எம்எம் 540 ஜீப். பழைய பியூஜோ எஞ்சினை இறக்கிவிட்டு பொலிரோவின் 2523 சிசி டிஐ டர்போ எஞ்சின் ஏற்றியிருக்கிறேன். பழைய ஏர் கிளீனர் போதாது, கூம்பு வடிவ காட்டன் ஃபில்டர் போட்டால் பிக்அப் பறக்கும் என்கிறார் மெக்கானிக். ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஏறி இறங்கும் வண்டி. (போடி)

பதில்: பழையது போதாது என்பது வரை உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 3,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 1,500 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் இரண்டரை லிட்டர். ஆக மொத்தம் ஏறக்குறைய 3,800 லிட்டர். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ அரை பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதி) கூட்டினால் அது ஒன்றரை மடங்காகி 5,700 லிட்டரைத் தொடும். கம்பெனி அட்டவணைகளில் வரும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) கணக்கில் ஏறக்குறைய 200. இறக்கிய எஞ்சின் 2112 சிசி, டர்போவும் கிடையாது. அதற்கு அளவெடுத்த டப்பா இதற்கு மூச்சு முட்டத்தான் செய்யும்.

அதற்கு மருந்து கூம்பு இல்லை. பானெட்டுக்குள் திறந்தபடி உட்காரும் கூம்பு, ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். 35 டிகிரி காற்றுக்குப் பதில் 65 டிகிரி காற்று போனால் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. பறக்கும் என்ற பிக்அப் அங்கேயே போச்சு. மிஞ்சுவது சத்தம்தான். டர்போ விசில் பலமாகக் கேட்டால் வண்டி வேகமாகப் போவதுபோல நமக்கே தோன்றும். அந்த விசிலுக்கு ஆசைப்பட்டு வாங்கிய குரோம் கூம்பு ஒன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

உங்களுக்குத் தேவை மூடிய டப்பா, உலர் வகை, பேப்பர் எலிமென்ட் (டப்பாவுக்குள் உட்கார்ந்து தூசியைப் பிடிக்கும் மடிப்புப் பேப்பர்). மூன்று லிட்டர் எஞ்சினுக்கோ அதற்குச் சற்று மேலுக்கோ வரும் டப்பாவாகப் பாருங்கள். டிராக்டரில் வருவதுபோல உள்ளே இரண்டாவதாக ஒரு சின்ன எலிமென்ட் இருந்தால் உத்தமம். வெளி எலிமென்ட் ஓட்டையானாலும் டர்போ தப்பிக்கும். காற்று எடுக்கும் வாயை பானெட்டுக்கு வெளியே, உயரத்தில் கொண்டுபோங்கள்.

ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பி பின்னிய ஹோஸ் இல்லையென்றால் இழுப்பில் சப்பையாகிவிடும். ஒவ்வொரு மூட்டிலும் சரியான கிளாம்ப் போடுங்கள். எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாயை வசதிக்காக அடைத்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் ஒழுகும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஹோஸைக் கழற்றி உள்பக்கம் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நறநறவென்று மண் வந்தால் எங்கோ ஓட்டை.

வாங்கும் முன் எலிமென்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு தேனியில் நாலு கடை விசாரியுங்கள். அங்கே கிடைக்காத எலிமென்ட் என்றால் டப்பாவை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம், எஞ்சின் மாற்றியதை ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றிவிட்டீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் கேட்பார்.

கேள்வி: ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால் மைலேஜ் கூடுமா? (திண்டுக்கல்)

பதில்: கூடாது. எஞ்சின் வேலைச் செலவு கூடும்.

கேள்வி: என் பழைய டாடா 407 வண்டிக்கு வாரம் ஒருமுறை பஞ்சர் கடையில் ஏர் பிடித்து எலிமென்டைச் சுத்தம் செய்துவிடுகிறேன். இரண்டு வருடமாக அதே எலிமென்ட்தான். இன்னும் எவ்வளவு நாள் வரும்? (உடுமலை)

பதில்: இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எலிமென்டை டயரில் நாலு தட்டுத் தட்டுவார்கள். தகர விளிம்பு நசுங்கும். நசுங்கிய விளிம்பு டப்பாவில் ஒட்டி உட்காராது, அந்தச் சந்து வழியாக மண் நேராக உள்ளே போகும். அடுத்து டயருக்குப் பிடிக்கும் அதே அழுத்தத்தில், பேப்பருக்கு ஒட்டினாற்போல் நாசிலை வைத்து ஊதுவார்கள், அதுவும் வெளியிலிருந்து உள்ளே. மண் பேப்பருக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், பேப்பரும் கிழியும். கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் எலிமென்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சப் புள்ளிகள் தெரியும். சிலிண்டர் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அரிப்பது 10, 20 மைக்ரான் மணல் தூள். அதற்கு அந்தப் புள்ளிகளே வாசல்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. பேப்பர் எலிமென்ட் புதிதாக இருக்கும்போதுதான் கொஞ்சம் மோசமாக வடிகட்டும். மேலே மெல்லிய தூசிப் படலம் படிந்த பிறகுதான் அது நன்றாக வேலை செய்யும். வாரா வாரம் நீங்கள் காசு கொடுத்து அந்தப் படலத்தை ஊதித் தள்ளுகிறீர்கள். கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் டப்பா விளிம்பில் இருக்கும் மண் சுத்தமான பக்கத்தில் விழுவது தனி.

டப்பாவில் ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் இண்டிகேட்டர் (எலிமென்ட் அடைத்துக்கொண்டால் சிவப்பு காட்டும் கருவி) போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு வந்தால் மாற்றுங்கள், வராதவரை கையை வைக்காதீர்கள். இப்போது இருக்கும் எலிமென்டை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: இணையத்தில் பிரபல கம்பெனி எலிமென்ட் என்று வாங்கினேன். ரப்பர் கட்டைபோல இருக்கிறது, மடிப்புகளும் ஒரே சீராக இல்லை. பாக்கெட் பிரித்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (சேலம்)

பதில்: பாக்கெட்டைப் பிரிக்காமல் போலியை யார் கண்டுபிடிக்க முடியும்? உங்கள் மேல் துளியும் தப்பில்லை, விடாதீர்கள். எலிமென்டை வண்டியில் மாட்டாமல் பெட்டியோடு வைத்திருங்கள். படம் எடுத்து, அந்தக் கம்பெனிக்கே அனுப்பி, இது அவர்கள் தயாரிப்பா என்று எழுத்தில் கேளுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் போடுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்த்துவைக்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தொகை சின்னது என்று விட்டுவிடுவீர்கள் என்பதுதான் அவர்கள் கணக்கே.

கேள்வி: ஆஃபரில் மூன்று இன்ச் ஃபில்டர் வாங்கிவிட்டேன். என் ஜீப்பின் பைப் அதைவிடச் சிறியது. பில் இல்லை. சைக்கிள் ட்யூப் சுற்றி டைட் செய்யலாமா? (ஈரோடு)

பதில்: அளக்கவில்லை, பில்லும் வாங்கவில்லை, இப்போது ட்யூபா? ஒரு முனை பெரிதும் மறுமுனை சிறிதுமான சிலிக்கான் ரெடியூசர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். இந்தத் தடவையாவது பைப்பின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து சிஜே 3பி, ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், ஆயில் பாத் ஏர் கிளீனர். நவீன ஃபில்டருக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு கடைக்காரர் நச்சரிக்கிறார். (குன்னூர்)

பதில்: எஞ்சினைக் கைவைக்கவில்லை என்றால் ஏர் கிளீனரையும் கைவைக்க வேண்டாம். கிண்ணத்து ஆயிலில் தூசியை ஒட்டவைக்கும் ஆயில் பாத், பேப்பர் அளவுக்கு நுண்ணிய தூசியைப் பிடிக்காது, உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தார் ரோட்டில் போகும் வண்டிக்கு அது தாராளம், எலிமென்ட் செலவும் இல்லை. கார்புரேட்டர் பின்னடித்தால் தீ வெளியே வராமல் தடுப்பதும் அந்த டப்பாதான். கிண்ணத்தில் உள்ள கோடு வரைக்கும் எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். மேலே போனால் எஞ்சின் அதை இழுத்துப் புகைக்கும். அடியில் மண் சேறாகப் படிந்திருந்தால் வழித்து, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, புது ஆயில் விடுங்கள். மூடும்போது கேஸ்கெட்டைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்ற வேண்டியது அது ஒன்றுதான்.