டெர்வோர்கில்லாவின் கொடிவழி – கடிதம்

அன்புள்ள ஐயா,

இடைக்கால ஸ்காட்லாந்தின் டெர்வோர்கில்லாவைச் சிலர் ‘கேலோவே சீமாட்டி’ என்கிறார்கள், சிலர் ‘பேலியல் சீமாட்டி’ என்கிறார்கள். எது சரி? நான் வரைந்த பேலியல் குடும்பக் கொடிவழியை இணைத்திருக்கிறேன். இறந்த கணவரின் இதயத்தைத் தந்தப் பேழையில் வைத்துப் பாதுகாத்த அவரது காதலைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

சு.

அன்புள்ள சு.,

இரண்டும் சரி. கேலோவே பிறந்த வீடு, பேலியல் புகுந்த வீடு. 1282இல் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்கு அளித்த விதிகளில் அவரே தம்மைக் ‘கேலோவேயின் டெர்வோர்கில்லா, பேலியல் சீமாட்டி’ என்று குறிப்பிடுகிறார். காதலை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

இரண்டு நாட்களாக என்னை உறுத்துவது உங்கள் கொடிவழிதான். ஜான் பேலியலுக்குப் பெரிய கட்டம்; பக்கத்தில் புள்ளிக்கோடு, பொடி எழுத்தில் ‘மனைவி’; கீழே அரசனான மகன். அந்த அரியணை என்ன, பேலியல் வீட்டுப் பிதுரார்ஜிதமா? டெர்வோர்கில்லாவின் தாய் மார்கரெட், ‘சிங்கம்’ எனப்பட்ட வில்லியம் அரசரின் தம்பி டேவிடுக்கு மூத்த மகள். 1290 செப்டம்பரில், வில்லியமின் வழிவந்து அரியணைக்கு உரியவளான நார்வேச் சிறுமி இறந்து அக்கிளை அற்றுப்போனபோது, உரிமை டேவிடின் பெண்மக்கள் வழியே இறங்கியது. எதிர்வழக்காடிய ராபர்ட் புரூஸும் டேவிடின் இரண்டாம் மகள் இசபெல்லாவின் மகன்தான். டெர்வோர்கில்லாவின் மகனைவிட டேவிடுக்குத் தாம் ஒரு தலைமுறை நெருக்கம் என்றே அவர் வாதிட்டார். அதே ஆண்டு ஜனவரியில் டெர்வோர்கில்லா இறக்காமல் இருந்திருந்தால், மூத்தவளின் மகளும் இளையவளின் மகனும் ஒரே படியில் நின்றிருப்பார்கள். அந்த வாதம் எழுந்தே இருக்காது. 1292இல் தீர்ப்பு மூத்த கிளைக்கே கிடைத்தது. கணவர் பெயரைச் சுமந்த மகன், பாட்டியின் உரிமையில் அரசனானான்.

கல்லூரியின் சின்னத்தையாவது பாருங்கள். அது அவர் முத்திரையிலிருந்து வந்தது. இரு குலச்சின்னங்களை இணைக்கும்போது கேடயத்தின் வலப்பாதி கணவனுக்கு, இடப்பாதி மனைவிக்கு என்பது மரபு. (கேடயம் ஏந்துபவரின் வலம்; பார்ப்பவருக்கு அது இடம்.) இங்கே வலப்பாதியில் முடிசூடி நிற்பது கேலோவேயின் வெள்ளிச் சிங்கம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கையெழுத்து அவ்வளவு அழகு. கணவர் நினைவாக 1273இல் அவர் எழுப்பிய மடத்துக்கு ஒருமுறை சென்றிருக்கிறேன். கூரை இழந்த செம்மணற்கல் சுவர்கள். கல்லறைமேல் இதயத்தை ஏந்திய சிலை. உடன் வந்த நண்பர் அந்தக் கைகளைக் காட்டி, “என்ன காதல்!” என்றார். அச்சிலைக்குத் தலை இல்லை என்பதை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.