ஜார்ஜியா பள்ளியில் டார்வின் உண்டா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், நான் இருக்கும் பக்கம், மரியெட்டா ஊருக்குக் குடிவரப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "மகள் சென்னையில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு முடிக்கிறாள். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பரிணாமத்துக்குப் பதிலாக பைபிள் படைப்புக் கதையை அறிவியல் என்று நடத்துவார்களாமே, உண்மையா?"

அரசுப் பள்ளியென்றால் அந்தப் பயம் வேண்டாம் தம்பி. பரிணாமம் நடத்தினால் கூடவே 'படைப்பு அறிவியலும்' நடத்தியாக வேண்டும் என்ற லூயிசியானா சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1987-லேயே ரத்து செய்துவிட்டது. உயிர்களை ஓர் அறிவுள்ள சக்திதான் வடிவமைத்தது என்று சொல்லி, பெயரை மாற்றி 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று கொண்டுவந்தார்கள். 2005-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் ஊர்ப் பள்ளி வாரியத்தின் மீதான வழக்கில் அதுவும் எடுபடவில்லை.

ஆனால் நீங்கள் வரும் ஊருக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. மரியெட்டாவைச் சுற்றியுள்ள காப் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பள்ளிகளில் 2002-இல் பயாலஜி புத்தகங்களில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பரிணாமம் ஒரு கோட்பாடுதான், உண்மை அல்ல, திறந்த மனதோடு படியுங்கள் என்கிற மாதிரி வாசகம். சில பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2005-இல் நீதிபதி எடுக்கச் சொல்ல, ஆயிரக்கணக்கான புத்தகங்களிலிருந்து அதைச் சுரண்டி எடுத்தார்கள். மேல்முறையீடு வரை போய், இனி ஒட்டமாட்டோம் என்று பள்ளி வாரியம் ஒப்புக்கொண்டு 2006-இல் சமரசமானது. நடுவில் 2004-இல் மாநிலக் கல்வித் தலைவரே பாடத்திட்டத்திலிருந்து 'பரிணாமம்' என்ற சொல்லைத் தூக்கப் பார்த்தார். இந்த மாநிலத்துக்காரரான முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரே கண்டித்தார், அம்மையார் பின்வாங்கினார்.

இப்போது ஜார்ஜியா பாடத்திட்டத்தில் பரிணாமம் தன் பெயரோடேயே இருக்கிறது. மாநிலத் தேர்விலும் கேள்வி வரும். கவனிக்க வேண்டியது டீச்சரை. நாடு முழுக்க பயாலஜி ஆசிரியர்களிடம் எடுத்த சர்வேயில், படைப்புவாதத்தைக் கலக்காமல் பரிணாமத்தை நடத்துவோர் 2007-இல் பாதிப்பேர், 2019-இல் மூன்றில் இரண்டு பங்கு. மீதிப்பேரில் பலர் வம்பு எதற்கு என்று அடக்கி வாசிப்பவர்கள். என் மகனுக்கு வாய்த்தவர் அந்த ரகம். மெண்டலின் பட்டாணிச் செடிக்கு வாரக்கணக்கில் கட்டம் போட வைத்தார். பரிணாமம் வந்ததும், "தேர்வுக்கு வரும், அதனால் பார்க்கிறோம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்" என்று ஸ்லைடுகளைத் தள்ளிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அப்புறம் ஏபி பயாலஜியில் (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரத்துப் பாடம்) இயற்கைத் தேர்வு ஒரு முழு யூனிட்டாக வந்தபோது வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தான்.

பள்ளி திறக்கும்போது பெற்றோர் ஆசிரியர்களைச் சந்திக்க ஓப்பன் ஹவுஸ் வைப்பார்கள். "பரிணாமத்துக்கு எத்தனை வாரம் ஒதுக்குகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "நீங்கள் இதை நம்புகிறீர்களா?" என்று கேட்டுவிடாதீர்கள், அது அவர் சொந்த விஷயம். வகுப்பில் பக்கத்துப் பெண், பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்று தேவாலயத்தில் கேட்டதைச் சொல்லலாம். மகள் அதற்கெல்லாம் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நம் ஆட்களுக்கு கான்வென்ட் என்றால் ஒரு மரியாதை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கிறிஸ்தவத் தனியார் பள்ளி தேடுகிறார்கள். மேலே சொன்ன தீர்ப்புகள் எதுவும் தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. கத்தோலிக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் கவலையில்லை. பரிணாமத்தைத் திருச்சபை எதிர்ப்பதில்லை, போப் இரண்டாம் ஜான் பால் 1996-லேயே அதை வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று ஏற்றுப் பேசினார். பைபிளை எழுத்துக்கு எழுத்து நம்பும் சில எவாஞ்சலிக்கல் (புராட்டஸ்டன்ட் பிரிவு) பள்ளிகள்தான் வேறு மாதிரி. ஏபெக்கா, பாப் ஜோன்ஸ் மாதிரி பதிப்பகங்களின் அறிவியல் புத்தகமே பைபிளின் ஆதியாகமத்தை வைத்து எழுதியது. பீஸ் கட்டுவதற்கு முன்னால் எந்தப் புத்தகம் என்று பாருங்கள்.

சரி, உங்கள் மகளின் சிபிஎஸ்இ புத்தகத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். பத்தாம் வகுப்பில் முன்பு 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்று இருந்த பாடத்தில் பாரம்பரியம் மட்டும்தான் இப்போது மிச்சம். பரிணாமத்தை, சிபிஎஸ்இ புத்தகங்களைப் போடும் என்சிஇஆர்டி எடுத்துவிட்டது, இனி பன்னிரண்டில்தான் வரும். இங்கே பதினொன்றில் நேராக ஏபி பயாலஜி எடுத்தால் திணறுவாள். தமிழ்நாட்டுப் பாடநூலில் பத்தாம் வகுப்பு அறிவியலில் அந்தப் பாடம் இருக்கிறது, ஆங்கில வழியிலும் இணையத்தில் இலவசம். கிளம்புவதற்கு முன் இறக்கிக் கொடுத்துவிடுங்கள்.