பழைய நிரலை ஒரே நடைக்குக் கொண்டுவரும்போது

கேள்வி: பசுந்தேயிலை வரவையும் விவசாயிகளின் பட்டுவாடாவையும் கணக்கிடும் எங்கள் பைத்தான் மென்பொருளை, பல ஆண்டுகளில் ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நடைக்கு மாற்றினால், எந்த வரியை யார் எழுதினார் என்ற பதிவு போய்விடுமா? முழுவதையும் புதிதாக எழுத வேண்டும் என்கிறார் ஓர் ஆலோசகர். (வாசகர், கோத்தகிரி)

பதில்: பதிவு போகாது, புதிதாக எழுதவும் தேவையில்லை. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், பாதியில் நிற்கும் பிராஞ்சுகளை (தனிக் கிளைகளாக நடக்கும் வேலைகளை) முதலில் மெர்ஜ் செய்துவிட்டு (முதன்மை நிரலோடு இணைத்துவிட்டு), பைத்தான் நிரலை ஒரே நடையில் அடுக்கும் 'பிளாக்' கருவியை ஒரே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) எல்லாக் கோப்புகளிலும் ஓட்டுங்கள். அந்தக் கமிட்டில் வேறெந்தத் திருத்தமும் சேரக்கூடாது. பிறகு அதன் எண்ணைத் தனிக் கோப்பு ஒன்றில் குறித்து, அக்கோப்பை ஒவ்வொருவரும் தம் கணினியின் கிட் அமைப்பில் ஒருமுறை சுட்டிவிட்டால், 2019இல் வந்த கிட் 2.23 முதல், எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் 'கிட் பிளேம்' கட்டளை அந்தக் கமிட்டைத் தாண்டிப் பழைய ஆளையே பெரும்பாலும் காட்டும்.

அந்த ஆலோசகரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பிளாக் வரிகளின் அமைப்பைத்தான் மாற்றுகிறது. நிரலின் பொருள் மாறவில்லை என்று தானே சரிபார்த்த பிறகே கோப்பை எழுதுகிறது. சில நிமிடங்களில் முடியும் இந்த வேலையை, மாற்றிய வரிகளை எண்ணி மாதக்கணக்கில் பில் போடுவோர் இருக்கிறார்கள். வரி எண்ணிக்கையையே உழைப்பின் அளவாக ஏற்கும் ஒப்பந்த முறை இருக்கும்வரை அவர்களுக்குக் குறையிராது. 'கூடவே சில பிழைகளையும் திருத்திவிட்டோம்' என்று அவர்கள் சொன்னால் உடனே நிறுத்துங்கள்: இலையின் ஈரத்துக்காக எடையில் கழிக்கும் கணக்கில் ஒரு தசமப்புள்ளி நகர்ந்திருந்தாலும், ஆயிரக்கணக்கான இடைவெளி மாற்றங்களுக்கு நடுவே அது கண்ணில் படாது.

ஒரே ஒரு விலக்கு. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையை, ஆண்டுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு பத்தி என யாரோ கையால் நேர்த்தியாக அடுக்கி நிரலுக்குள்ளேயே வைத்திருக்கக்கூடும். பிளாக் அந்த இடைவெளிகளைச் சுருக்கிவிடும். வரி 88 எழுத்துகளைத் தாண்டினால் ஒவ்வொரு விலையையும் தனி வரியாக உடைத்துவிடவும் கூடும். அப்புறம் ஜூன் விலையும் ஜூலை விலையும் இடம் மாறியிருந்தாலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அட்டவணைக்கு மேலே '# fmt: off', கீழே '# fmt: on' என்ற குறிப்புகளை, ஹாஷ் குறிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதினால் கருவி அதைத் தொடாது. இதைக் கருவியை ஓட்டும் முன்பே செய்ய வேண்டும்.

மாறிகளின் பெயர்களைப் பிளாக் மாற்றாது. அவற்றை அந்தந்தக் கோப்பில் வேறு வேலை வரும்போது, தனிக் கமிட்டாக மாற்றிக்கொள்ளலாம்.