மழைக்கு முன்னால் கைக்கு வரவேண்டிய பணம்: ராமநாதபுரம் விவசாயக் கடன் கேள்வி பதில்

கிராமக் கிளைகளில் வேளாண் கடன் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதிக்கு மேல் வேலை பார்த்தது நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில்தான். கடன் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருவாடானையிலிருந்து: ஐயா, புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு விதைக்கிறோம். பயிர்க்கடன் கைக்கு வருவது கார்த்திகையில். அதற்குள் உழவு, விதை, களையெடுப்பு எல்லாம் வெளிவட்டிப் பணத்தில் முடிந்துவிடுகிறது. இதற்கு வழியே இல்லையா?

இந்த மாவட்டத்தின் முதல் பிரச்சினையே இதுதான். வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழைக்கு முன்னால் கைக்கு வராத பணம், எவ்வளவு குறைந்த வட்டியாக இருந்தாலும் வெள்ளாமைக்கு உதவாது. அது பழைய கடனை அடைக்கத்தான் போகும்.

விதைத்தால்தான் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு, தருவார், அடங்கல் இருந்தால்தான் கடன் என்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் புதுசாக விண்ணப்பித்தால் இந்த முடிச்சில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் கிசான் கடன் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு தடவை வாங்கித் தீர்க்கும் கடன் இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு வரம்பு போட்டுத் தருவார்கள். அந்த வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக் கட்டிக்கொள்ளலாம், வருஷம் ஒருமுறை ஆய்வு மட்டும் உண்டு. பயிர்ச் செலவுக்கான தொகையோடு, வீட்டுச் செலவுக்கும் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்த்துத்தான் வரம்பு போட வேண்டும் என்பது விதி. நிறையக் கிளைகளில் இதைச் சொல்வதில்லை. நீங்களாகக் கேளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, அதை மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது.

விண்ணப்பத்தை ஆனியிலேயே கொடுங்கள். ஆவணி பிறந்த பிறகு கிளையில் கூட்டம் நெரியும், எந்த அதிகாரிக்கும் உங்கள் காகிதத்தைப் புரட்ட நேரம் இருக்காது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

முதுகுளத்தூரிலிருந்து: முண்டு மிளகாய் போடுகிறோம். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கித்தான் சாகுபடி. அந்தக் கடையை விட்டு வெளியே வர முடியுமா சார்?

முதலில் கடைக்காரருக்கு நீங்கள் உண்மையில் என்ன வட்டி கொடுக்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். முன்பணத்துக்கு வட்டியே இல்லை என்றுதான் அவர் சொல்வார். ஒரு உதாரணம்: 40,000 ரூபாய் வாங்கி, ஆறு மாதம் கழித்து 500 கிலோ வற்றலை அவருக்கே போடுகிறீர்கள். சந்தை விலையிலிருந்து கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துப் போட்டால் 10,000 ரூபாய் போயிற்று. ஆறு மாதத்தில் 40,000-க்கு 10,000 என்றால் வருஷத்துக்கு 50 சதவீதம். எடையில் கழிவதும் சாக்குக்குப் பிடிப்பதும் தனி.

அதற்காகக் கடைக்காரரைப் பகைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர்தான் பணம் எடுத்துத் தருகிறார், எந்த வங்கியும் தராது. அதனால் ஒரே வருஷத்தில் அறுத்துக்கொண்டு வராதீர்கள். இந்த வருஷம் பாதிச் செலவுக்குக் கடன் அட்டையில் எடுங்கள், பாதியைக் கடையில் வாங்குங்கள். பாதிச் சரக்காவது உங்கள் கையில் நிற்கும்.

அப்படி நின்ற சரக்கைப் பங்குனி, சித்திரையில் எல்லோரும் கொண்டுவந்து கொட்டும்போது விற்காதீர்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்தால் பொருளீட்டுக் கடன் கிடைக்கும். சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை, ஆறு மாதத் தவணையில் தருவார்கள். அந்தப் பணத்தில் கடை பாக்கியைத் தீர்த்துவிட்டு, விலை ஏறும்போது விற்கலாம். எட்டிவயலில் மிளகாய்க்கென்றே குளிர்பதனக் கிடங்கும் வணிக வளாகமும் இருக்கின்றன. வற்றலைச் சாதாரணக் கிடங்கில் போட்டால் நிறம் மங்கிவிடும், குளிர்பதனத்தில் நிற்கும். நிறம்தான் விலை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தனி ஒரு விவசாயிக்கு அதனால் உடனே காசு வராது. ஒரே தரத்தில் லோடு கணக்கில் சரக்குச் சேர்த்துக் கொடுத்தால்தான் வெளியூர் வியாபாரி அந்தப் பேருக்கு விலை தருவான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கமுதியிலிருந்து: நிலம் எங்கள் பேரில் இல்லை, வாய்மொழிக் குத்தகை. எங்களுக்கு யார் கடன் தருவார்கள்?

கூட்டுப் பொறுப்புக் குழுவாகப் போங்கள் அம்மா. நாலு முதல் பத்துப் பேர் வரை சேரலாம், ஒருவருக்கொருவர் ஜாமீன். பட்டா தேவையில்லை. வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு இதைக் குத்தகைக்காரர்களை மனதில் வைத்தே கொண்டுவந்தது. ஒரே தெருவில் இருப்பவர்களாகச் சேருங்கள், சொந்தக்காரர்களாகவே சேர்க்காதீர்கள். ஒரு வீட்டில் சண்டை வந்தால் குழுவே உடையும்.

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து: பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டினேன். என் வயல் காய்ந்தது. பக்கத்து ஊருக்கு இழப்பீடு வந்தது, எங்களுக்கு வரவில்லை. ஏமாற்றுகிறார்களா?

உங்கள் வயலைப் பார்த்து இழப்பீடு போடுவதில்லை, உங்கள் ஊர்ச் சராசரியைப் பார்த்துப் போடுகிறார்கள். கடந்த ஏழு வருஷத்தில் விளைச்சல் நன்றாக இருந்த ஐந்து வருஷத்தின் சராசரியை எடுத்து, அதில் ஒரு சதவீதத்தை எல்லையாக வைப்பார்கள். அறுவடைப் பரிசோதனையில் ஊர் விளைச்சல் அந்த எல்லைக்குக் கீழே போனால்தான் பணம். நம்ம பக்கம் அடிக்கடி காய்வதால் அந்தச் சராசரியே தாழ்ந்து கிடக்கிறது. காய்ந்து பழகிய ஊருக்குக் காப்பீடு குறைவாகக் கிடைக்கிறது. இது அநியாயம்தான், மாற்ற வேண்டிய விதி.

ஆனாலும் கட்டாமல் விடாதீர்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் உங்கள் பங்கு, மிளகாய்க்கு 5 சதவீதம். மழை பொய்த்து ஊரில் பெரும்பகுதி விதைக்கவே முடியாமல் போனால் 25 சதவீதம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அடுத்த தடவை அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து நாலு பேராவது போய் நில்லுங்கள். எந்த வயலில், எவ்வளவு எடை என்று நீங்களும் எழுதி வையுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, நாங்கள் கடற்பாசி வளர்க்கிற பெண்கள். எங்களுக்கு விவசாயக் கடன் உண்டா?

உண்டு தங்கச்சி. கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீன்வளத்துக்கும் கால்நடைக்கும் உண்டு. பாசி வளர்க்கும் மிதவைக்குப் பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீத மானியம். பன்னிரண்டடி மிதவை, 45 நாளில் அறுவடை என்று கணக்கு நன்றாகத்தான் தெரியும். ஆனால் 2013-ஐ ஒட்டிக் கடல் சூடேறிப் பாசி அழுகிப்போன காலத்தை மறக்காதீர்கள். எல்லா மிதவையும் கடன் பணத்தில் போடாதீர்கள். வாடைக் காற்று மாதங்களில் கடலில் இறங்கவே முடியாது, அந்த மாதங்களில் தவணை வராதபடி முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

பரமக்குடியிலிருந்து ஒரு மாணவர்: 2018-இல் பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றும் மத்திய அரசுத் திட்டத்தில் விருதுநகரோடு ராமநாதபுரத்தையும் முன்னேற விழையும் மாவட்டமாக அறிவித்தார்கள். இப்படிப்பட்ட மாவட்டத்தின் விவசாயத்தை வளர்க்க இன்னும் நிறையக் கடன் கொடுத்தால் போதுமா சார்?

போதாது தம்பி. தொண்ணூறுகளில், கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு கிராமத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் கொடுத்தேன். காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு போகம் நல்ல தண்ணீர் வந்தது. மூன்றாவது வருஷம் உப்பு. தென்னங்கன்று ஓலை கருகி நின்றது. கடனைக் கட்ட அந்தக் குடும்பம் நிலத்தில் பாதியை விற்றது. அந்தக் கையெழுத்து என்னுடையது. அன்றிலிருந்து, தண்ணீரைப் பார்க்காமல் எந்தக் கடனையும் பரிந்துரைத்ததில்லை.

இங்கே முதலில் பணம் போக வேண்டியது கண்மாய்க்கு. வைகைத் தண்ணீர் கடைசியில் வந்து சேருவது நம்மிடம்தான். வழியில் எல்லோரும் எடுத்தது போக வருவதைப் பிடித்து வைக்கவே ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய், ராமநாதபுரம் பெரிய கண்மாய் எல்லாம் வெட்டினார்கள். வரத்துக்கால்வாயில் சீமைக் கருவேல் அடைத்து, உள்ளே மண் மேடிட்டுக் கிடந்தால், அதன் தண்ணீரில் பாயும் நிலத்தை வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர் வாங்கும் ஒவ்வொரு பயிர்க்கடனும் சூதாட்டம்தான்.

கண்மாய் வேலைக்கான பணத்தைத் தனி விவசாயி கடனாக வாங்க முடியாது, அது பொதுப்பணம். 1995-96-இல் நபார்டில் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி தொடங்கினார்கள். வங்கிகள் தங்கள் கடனில் 18 சதவீதத்தை விவசாயத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்ட பாக்கியில் ஒரு பகுதியை அந்த நிதியில் போட வேண்டும். அதிலிருந்துதான் மாநில அரசு பாசனத்துக்கும் சாலைக்கும் பாலத்துக்கும் கடன் வாங்குகிறது. எந்த மாவட்டத்துக்கு எதற்கு எவ்வளவு கடன் போகலாம் என்று நபார்டு வருஷந்தோறும் ஒரு திட்ட அறிக்கை போடுகிறது. அதை வைத்துத்தான், மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி ஆண்டுக் கடன் திட்டம் தயாரிக்கும். நீங்கள் படிக்கிற பிள்ளை. அந்த இரண்டையும் வாங்கிப் படித்து, உங்கள் ஒன்றியத்தில் எந்தக் கண்மாய் விட்டுப்போயிருக்கிறது என்று குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

கீழக்கரையிலிருந்து: வளைகுடாவில் சம்பாதித்த பணம் வங்கியில் கிடக்கிறது. முப்பது ஏக்கர் கருவேலங்காடு வாங்கித் திருத்தி விவசாயம் செய்யலாமா?

முப்பது வேண்டாம், ஐந்தில் தொடங்குங்கள். வாங்குவதற்கு முன் கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை தண்ணீரின் உவர்ப்பைச் சோதியுங்கள். வேரோடு எடுக்காவிட்டால் கருவேல் திரும்பத் தழைக்கும், அந்தச் செலவு நிலத்தின் விலைக்குச் சமமாகக்கூட வரலாம். உங்கள் பணம் நம்ம ஊருக்கே பயன்பட வேண்டும் என்று நினைப்பது பெரிய மனசு. அதற்குக் கிடங்கு கட்டுவது நல்ல வழி. வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு ஏழு வருஷம் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. மிளகாய்க்காரர்களுக்கு இன்றைக்குத் தேவை அதுதான்.

பலர் கேட்டது: கடன் தள்ளுபடி வரும் என்கிறார்கள். கட்டாமல் இருக்கலாமா?

வேண்டாம். 2021-இல் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது கூட்டுறவுப் பயிர்க்கடன். மற்ற வங்கிகளில் வாங்கியவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. தவணை தாண்டினால் வட்டிச் சலுகை போகும், அடுத்த வருஷ விதைப்புக்குப் பணமும் வராது.

சாயல்குடியிலிருந்து: சார், ஆடு வாங்க மூன்று கம்பெனியில் குழுக் கடன் வாங்கினேன். வாரா வாரம் கட்ட முடியவில்லை. வீட்டு வாசலில் வந்து உட்காருகிறார்கள். என்ன செய்வது?

முதலில் பயப்படாதீர்கள் அம்மா. 2022 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தெரிந்தே மூன்றாவதாகக் கொடுத்திருந்தால் தவறு கொடுத்தவர் பக்கமும் இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கவோ வரவோ கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது.

ஆடு வாரா வாரம் பணம் தராது. குட்டி வளர்ந்து விற்க எட்டு மாதமாவது ஆகும். வாரத் தவணைக் கடன் அதற்குப் பொருந்தாது. மகளிர் சுயஉதவிக் குழு வழியாக வங்கிக் கடனோ, கால்நடைக்கான கடன் அட்டையோ வாங்கி, இருப்பதிலேயே வட்டி கூடின கடனை முதலில் அடையுங்கள். புதுசாக நாலாவது கம்பெனியில் வாங்கி அடைக்கவே கூடாது.

இன்றைக்கே ஒரு தாளில் மூன்று கடனையும் எழுதுங்கள்: எவ்வளவு வாங்கியது, எவ்வளவு கட்டியது, பாக்கி என்ன, எந்தக் கிழமை தவணை. கணக்கு அட்டைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒன்றியத்து மகளிர் திட்ட அலுவலகத்துக்குப் போங்கள். வாயால் சொன்னால் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். தாளைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் கேட்டு வாங்குங்கள்.