டெரெக்கை ஏன் சாகடித்தார்கள்?

கேள்வி: 'கிரேஸ் அனாட்டமி' என்ற அமெரிக்க டாக்டர் தொடரை இப்போதுதான் முதலிலிருந்து பார்க்கிறேன். 11ஆவது சீசனில் டாக்டர் டெரெக் ஷெப்பர்ட் செத்துப்போனதைத் தாங்கவே முடியவில்லை. எத்தனை பேர் மூளையைத் திறந்து காப்பாற்றியவர், அவரை இப்படியா முடிப்பது?

பதில்: 2015 ஏப்ரலில் அந்த எபிசோட் வந்தபோதே ரசிகர்கள் இதைக் கேட்டு ரகளை செய்துவிட்டார்கள். டெரெக்காக நடித்த பேட்ரிக் டெம்ப்ஸி தொடரை விட்டுப் போகிறார், பாத்திரத்தை ஏதாவது செய்தாக வேண்டும். வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று சுலபமாக முடித்திருக்கலாம்தான், ஆனால் மனைவி மெரிடித்தையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஓடியவர் என்று காட்டினால் 2005இலிருந்து கட்டிக்கொண்டு வந்த காதல் மொத்தமும் பொய்யாகிவிடும். என்னைக் கேட்டால், கொன்றதுதான் அவருக்குச் செய்த மரியாதை.

கொன்ற விதம் அதைவிடக் கெட்டிக்காரத்தனம். வழியில் நடந்த விபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றிவிட்டுக் காரில் ஏறுகிறார், போன் அடிக்கிறது, தேடி எடுப்பதற்குள் லாரி மோதுகிறது. கொண்டுபோன ஆஸ்பத்திரியில் வயிற்றையும் நெஞ்சையும் பார்க்கிறார்கள். தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்கலாமே என்று ஒரு இளம் டாக்டர் சொல்வது எடுபடவில்லை. டெரெக்கால் பேச முடியாது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று மனதுக்குள் அவருக்கு வரிசையாகத் தெரிகிறது, நமக்கு மட்டும் கேட்கிறது. அவருக்குத் தேவைப்பட்ட மூளை ஆபரேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய ஆள் மேஜை மேல் கிடக்கிறார்!

கேள்வி: நிஜத்தில் இப்படி நடக்குமா?

பதில்: நடக்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது, உள்ளே ரத்தம் கசிந்தால் அழுத்தம் ஏறி மூளையைக் கீழ்நோக்கித் தள்ளும். கண்ணுக்குப் போகும் நரம்பு நசுங்கி ஒரு பக்கத்துக் கண்பாப்பா விரிந்துவிட்டால் அப்புறம் நிமிஷக் கணக்குதான். வயிற்றில் ரத்தம் கொட்டினால் அதை முதலில் பார்ப்பது தப்பில்லை, அவசரச் சிகிச்சையின் வரிசையே அதுதான்; ஒருத்தர் எச்சரித்த பிறகும் தலையை மறந்ததுதான் தப்பு. அமெரிக்காவில் விபத்துச் சிகிச்சை மையங்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் தரம் என்றால் இரவும் பகலும் மூளை அறுவை நிபுணர் உடனே கிடைத்தாக வேண்டும். டெரெக் போய்ச் சேர்ந்தது அப்படிப்பட்ட இடத்துக்கு அல்ல, அங்கே நிபுணர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் டிவி டாக்டர்களை நம்பலாமா?

பதில்: இந்த ஒரு எபிசோடை வைத்து அவசரப்படாதீர்கள். 'ஈஆர்' உட்பட மூன்று அமெரிக்கத் தொடர்களை எடுத்துக்கொண்டு, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் காட்சிகளை எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 1996இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. திரையில் 75 சதவீதம் பேர் அந்த நேரத்துக்குப் பிழைத்துவிட்டார்களாம். நிஜத்தில் அவ்வளவு பேர் பிழைப்பதில்லை. அப்புறம், மானிட்டரில் கோடு நேராக ஓடினால் உடனே ஷாக் கொடுப்பார்கள் பாருங்கள், அது சுத்தப் பொய். நின்றேபோன இதயத்துக்கு ஷாக்கால் பலன் கிடையாது.

கேள்வி: டெரெக் திரும்பி வருவாரா, மாட்டாரா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பதில்: வருவார், 17ஆவது சீசனில். மெரிடித் கொரோனாவில் படுத்திருக்கும்போது கனவில், ஒரு கடற்கரையில். உயிரோடு அல்ல, அதற்கு மேல் கேட்காதீர்கள்.