லொபுசேயில் தள்ளாடிய தம்பி: விடியும்வரை காத்திருந்தது சரியா?

வணக்கம் நண்பரே. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லும் வழியில், ஏறத்தாழ 4,940 மீட்டர் உயரத்திலுள்ள லொபுசேயில், உங்கள் தம்பிக்கு மாலையில் தலைவலியும் வாந்தியும் தொடங்கி இரவில் நடை தள்ளாடியதாகவும், ‘விடிந்தால் ஹெலிகாப்டர் வரும்’ என்று வழிகாட்டி சொன்னதால் காத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் நலமடைந்தது ஆறுதல். ஆனால் அடுத்த ஆண்டும் போகவிருப்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன், காத்திருந்திருக்கக் கூடாது.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோயில், தலைவலியும் வாந்தியும் மட்டுமென்றால் மேலே ஏறாமல் ஓய்வெடுத்துப் பார்க்கலாம். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது ஒருவர் தடுமாறினால், அது மூளை வீங்குவதன் அடையாளம் என்றே கொள்ள வேண்டும். சில மணி நேரத்தில் நினைவு தப்பலாம். பாதை நடக்கக்கூடியதாக இருந்தால், இருட்டானாலும் தலைவிளக்குடன் இருபுறமும் ஆள் தாங்கி, சுமார் 600 மீட்டர் தாழ்வான பெரிச்சேவுக்கு இறக்கியிருக்கலாம். மலையேற்றப் பருவத்தில் அங்கே இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இயங்கும்.

மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்தான டெக்சாமெத்தசோன் (பெரியவர்களுக்கு முதலில் 8 மி.கி., பின்பு 6 மணிக்கொருமுறை 4 மி.கி.), ஆக்சிஜன் இரண்டும் இறங்குவதற்கு அவகாசம் தருபவை, இறங்குவதற்கு மாற்றல்ல. மருந்தைப் புறப்படுமுன் உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தூங்கட்டும் என்று உங்கள் தம்பியைத் தனி அறையில் விட்டதாக நீங்கள் எழுதியதுதான் எனக்கு அதிக அச்சமூட்டியது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அப்போது நடக்க வைக்காமல், இயன்றவரை சுமந்தே இறக்குங்கள்.