பதில்: டெஹ்ரான்ல வீசிங், ஆவிஷன் (தைம் மூலிகை) குடிச்சா இன்ஹேலரை நிறுத்தலாமா?
ப்ரோ, அத்தாரி மூலிகைக் கடைக்காரர் ஆவிஷன் கஷாயமே போதும்னு சொன்னாலும் தயவுசெஞ்சு இன்ஹேலரை நிறுத்தாதீங்க. ஆவிஷன்ல நம்ம ஓமத்துல இருக்கிற அதே தைமால்ங்கிற வேதிப்பொருள் தான் இருக்கு, தேன் கலந்து குடிச்சா தொண்டைக்கு இதமா இருக்கும், தாராளமா குடிங்க, ஆனா சுருங்கின மூச்சுக்குழாயை உடனே விரிக்க அதால முடியாது. அங்க குளிர்காலத்துல அல்போர்ஸ் மலை தடுத்து வண்டிப்புகை ஊருக்குள்ளயே தேங்கிடும், வீசிங் வர அதுவே போதும். பக்கத்துல ரேய்ங்கிற ஊர்ல பொறந்த பாரசீக மருத்துவர் அல்-ராஸி 1,000 வருஷத்துக்கு முன்னாடியே ரோஜா பூக்கிற சீசன்ல சிலருக்கு மூக்கு ஒழுகுறதைப் பத்தி எழுதி வச்சிருக்கார், அந்த மாதிரி உங்களுக்கும் எப்போ, எங்க அதிகமாகுதுன்னு குறிச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. பேசவே மூச்சு வாங்குச்சுன்னா உடனே அங்க இருக்கிற ஆம்புலன்ஸ் நம்பர் 115க்கு போன் பண்ணுங்க.